ஆளில்லாத ஒழுங்கையில் ஓடிய கரண்ட்

எனக்கு ஒரு பழக்கம். எந்த வீட்டுக்குள் காலடி வைத்தாலும் முதலில் முகட்டைத்தான் அண்ணாந்து பார்ப்பேன். என்ன பல்ப், எத்தனை வோற்ஸ், ஹோல்டர் கறுத்துக் கிடக்கிறதா என்று கண் தானாகவே மேலே போய்விடும். கல்யாண வீட்டிலும் இதே கதைதான். "பொம்பிளை கீழ இருக்கிறா, மேல இல்லை" என்று மனைவி முழங்கையால் இடித்தால்தான் மணவறைப் பக்கம் திரும்புவேன். ஓய்வு பெற்று ஒரு வருடமாகிறது. என் கண்ணுக்கு மட்டும் இன்னும் பென்சன் கிடைக்கவில்லை.

போன மாதம், நான் வேலை செய்த மின்சாரக் கந்தோர்த் தம்பிமாரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. வீடுகளுக்கான விளக்கு விதிகளை இறுக்கமாக்கப் போகிறார்களாம், குண்டு பல்ப்பை அடியோடு இல்லாமல் செய்ய வேண்டுமாம், வீடு வீடாகப் போனால் சனம் சிரிக்கிறதாம். "அண்ணை, எழுவைதீவில நீங்கள் உதை என்னண்டு செய்து முடிச்சனியள்?" என்று கேட்டிருந்தார்கள். எனக்கு உச்சந்தலையில் கரண்ட் ஏறிவிட்டது! குந்தியிருந்து தட்டத் தொடங்கினேன். தட்டினேன், தட்டினேன், பெருவிரல் வீங்கும்வரை தட்டினேன். மனைவி தேத்தண்ணியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "இஞ்சேருங்கோ, இதை ஒரு கட்டுரையா எழுதுங்கோவன். அந்தப் பெடியளும் பாவம், உங்கட விரலும் பாவம்."

அப்படித்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் யாழ்ப்பாணத் தீவுப்பக்கம் சரவணையில் பிறந்தவன். மின்சாரம் இல்லாத ஊரில் மின்சாரம் படித்தவன். போத்தல் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓமின் விதியைப் பாடமாக்கினேன். பயிற்சிக் காலத்தில் நாங்கள் ஏறிய கம்பங்களில் கரண்ட் இல்லை, இழுத்த வயரிலும் கரண்ட் இல்லை. "பிடியுங்கோ, பயப்பிடாதேங்கோ, செத்த வயர்தான்" என்று சொல்லிச் சொல்லியே எங்களை ஆளாக்கினார்கள். பிறகு ஒருநாள் உண்மையாகவே கரண்ட் வந்தது. ஒரு வீட்டில் நான் சுவிட்சைத் தட்ட, அந்த வீட்டுப் பிள்ளைகள் சந்தோஷத்தில் கூக்குரலிட்டுக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்கள். அந்தக் கூக்குரல் எனக்குப் பழகவே இல்லை. கடைசி நாள் வேலையில்கூட ஒரு பல்ப் எரிந்தால் நெஞ்சுக்குள் ஒரு துள்ளல் வரும். எனக்குக் கீழே வேலை செய்த லைன்மன் ஞானம் இதற்காகவே எனக்குப் பின்னால் நின்று நக்கலடிப்பான்.

எழுவைதீவுக்கு ஊர்காவற்றுறையிலிருந்து படகில் போக வேண்டும். பாலம் கிடையாது. சில வருடங்களுக்கு முன்வரை அங்கே ஒரு டீசல் இன்ஜின் பொழுதுபட ஓடத் தொடங்கி, சனம் படுக்கிற நேரத்தில் நின்றுவிடும். பகலில் கரண்ட் என்ற பேச்சே இல்லை. அதற்குப் பிறகு சூரியத் தகடுகள் வந்தன, காற்றாடிகள் வந்தன, ஒரு கட்டடம் நிறையப் பற்றரிகள் வந்து இறங்கின. எல்லாம் வந்தும் இருபத்துநான்கு மணித்தியாலக் கரண்ட் மட்டும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதை அந்தச் சனத்துக்கு விளக்க எங்கள் இஞ்சினியர் சுபாஷினி மிஸ் நேரில் வந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சின்னக் குரல். ஒருநாளும் ஒருவரையும் ஏசியதில்லை. ஏசியிருந்தால் நாங்கள் சுகமாகத் தப்பியிருப்போம். நாங்கள் ஏதாவது ஒன்றை அறிக்கையாகச் சொல்லி முடித்ததும் தலையைச் சரித்து ஒரேயொரு கேள்வி கேட்பார்: "கண்டதோ, கேட்டதோ?" கேட்டது என்றால் பேனாவை மூடிவிடுவார். மூடிவிட்டுக் கதிரையில் சாய்ந்து, பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து உரிக்கத் தொடங்குவார். அதற்கு அர்த்தம், நீ போய்க் கண்டுவிட்டு வா, நான் இருக்கிறேன் என்பதுதான். ஒருமுறை ஒரு கம்பத்தின் சாய்வைப் பார்க்க நான் கொட்டும் மழையில் அனலைதீவுக்குப் போய்வந்தேன். திரும்பி வரும்போது எனக்கும் ஒரு பாதிப் பழம் வைத்திருந்தார்.

மீனவர் சங்க மண்டபத்தில் கூட்டம் வைத்தோம். மண்டபத்தின் மூலையில் ஒரு பெரிய காட்போட் பெட்டி நின்றது. வெளிநாட்டிலிருந்து ஊர்ச் சனம் சேர்ந்து அனுப்பிய ஐஸ் உறைய வைக்கும் பெட்டி. வந்த நாளிலிருந்து பிரிக்கப்படவே இல்லை. பின்னேரம் மட்டும் வருகிற கரண்டில் ஐஸ் எப்படி உறையும்? சங்கத்து ஆட்கள் அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்திருந்தார்கள்.

அந்தத் தீவுச் சனத்துக்கு ஐஸ் என்றால் என்னவென்று நான் சொல்லித்தான் ஆக வேண்டும். விடியப்புறம் மீன் வந்து இறங்கும். ஊர்காவற்றுறையிலிருந்து கொண்டுவருகிற ஐஸ் வரும்போதே பாதி தண்ணீர். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் படகே ஓடாத நாட்கள் உண்டு. அப்போது பாரையும் விளைமீனும் வெயிலில் கிடந்து கருவாடாகும், இல்லாவிட்டால் வியாபாரி கேட்ட விலைக்குப் போகும். கூட்டத்தில் முன்வரிசையில் இருந்த சவிரிமுத்து எழும்பினார். உடம்பெல்லாம் உப்பும் வெயிலுமாக இறுகிய மனிசன், குரல் மட்டும் மெத்தென்று இருக்கும்.

"மிஸ், நான் சுத்தி வளைக்காமல் கேக்கிறன். உந்தப் பெட்டி ஓடுமோ, ஓடாதோ? ஓடாதெண்டால் வாற ஞாயிறு என்ர படகைப் பாக்க ஊர்காவற்றுறையால ஆள் வருது. வித்துப்போட்டு நானும் மனிசியும் அங்கால போறம். பிடிச்ச மீனை நாறவிடுறதுக்கு இனி என்னால கடலுக்குப் போக ஏலாது."

படகை விற்றுவிட்டுத் தீவைவிட்டுப் போன குடும்பங்களை அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி றோசலின் பின்வரிசையில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தா.

மிஸ் பூசி மெழுகவில்லை. ஒரே நேரத்தில் தீவு முழுவதும் இழுக்கிற கரண்டைச் சுமை என்போம். பொழுதுபட்ட பிறகு அந்தச் சுமையைப் பற்றரிகள்தான் தாங்க வேண்டும். மின்நிலையத்துத் திரையில் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. பின்னேரச் சுமை அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றால் இருபத்துநான்கு மணித்தியாலமும் கரண்ட் தரலாம், ஐஸ் பெட்டியும் ஓடும். இப்போது சுமை கோட்டுக்கு மேலே நிற்கிறது. அதைக் கூட்டுவது என்ன? வீட்டு லைற்றுகள்தான். வருகிற வெள்ளிக்கிழமைப் பின்னேரம் பார்த்து மேலிடத்துக்கு அறிக்கை போகும்.

"அப்ப விதி என்ன மிஸ்?" என்று ஒருவர் கேட்டார்.

"குண்டு பல்ப் ஒண்டும் வீட்டில எரியக் கூடாது. எல்லாம் நட்சத்திரக் குறி போட்ட எல்ஈடி. முற்றத்துக்கு ஒரு லைற். அவ்வளவுதான். பல்ப்பை நாங்கள் தாறம், நாகேஸ் அண்ணை வந்து பழசைக் கழட்டிப்போட்டு இதைப் பூட்டித் தருவார்."

நாகேஸ் அண்ணை நான்தான். எனக்கென்றால் தேர் இழுக்கப் போகிற சந்தோஷம்!

அடுத்த நாள் காலையில் நானும் ஞானமும் ஏணியோடு இறங்கினோம். எங்கள் முறை இதுதான். படலையில் நின்று குரல் கொடுப்போம். உள்ளே போனதும் ஒவ்வொரு அறையாகப் போய், எந்த சுவிட்ச் எந்த லைற்றுக்கு என்று பார்ப்போம். மின்நிலையத்திடம் கேட்டு அன்றைக்குப் பகலிலும் கொஞ்ச நேரம் லைனில் கரண்ட் விட்டிருந்தோம். பழைய பல்ப்பை எரியவிட்டு, வீட்டுக்காரரை மீற்றருக்கு முன்னால் நிறுத்தி, அதற்குள் இருக்கிற சக்கரச் சில்லு ஓடுகிற ஓட்டத்தைக் காட்டுவோம். பிறகு எல்ஈடியைப் பூட்டிவிட்டுத் திரும்பக் காட்டுவோம். சில்லு கோயில் வீதியில் கிழவர் நடக்கிற மாதிரி ஆறுதலாகச் சுற்றும். கடைசியாக, பல்ப்புக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோகச் சொல்லுவோம். பழையது சுடும், புதியது சுடாது. "அந்தச் சூடு முழுக்க நீங்கள் வீணாக்கின கரண்ட்" என்பேன். இந்த இடத்தில் எப்படிப்பட்ட ஆளும் தலையாட்டுவார்.

எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு வீட்டுக் குசினியில் எல்ஈடியைப் பூட்டி சுவிட்சைப் போட்டதும் அந்த வீட்டம்மா, "ஐயோ, இவ்வளவு ஒட்டறையோ எங்கட குசினியில!" என்று கத்தினா. புருசன்காரன் கதவடியில் நின்று சிரித்தான். "சிரிக்கிறியளோ? இந்தாங்கோ தும்புக்கட்டை, நீங்களே தட்டுங்கோ!" ஞானம் ஏணியில் நின்றபடியே விழுந்து விழுந்து சிரித்ததில் ஏணி ஆட, நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

இரண்டு நாட்களில் முடித்தோம். அன்று பின்னேரம் திரையில் சுமை சிவப்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. நானும் ஞானமும் கட்டிப் பிடித்துக்கொண்டோம். மிஸ்ஸுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவர் கேட்க முன்னமே, "கண்டது மிஸ், கண்டது!" என்று கத்தினேன்.

மறுநாள் பின்னேரம் சுமை கோட்டுக்கு மேலே போயிற்று.

அதற்கடுத்த நாள் இன்னும் மேலே!

நான் திரையைத் தட்டிப் பார்த்தேன், துடைத்துப் பார்த்தேன். ஞானம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். மிஸ் தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எல்லா வீடும் மாத்தினதை நீங்கள் கண்டனீங்கள். சரி. அப்ப எங்க எரியுது?" என்றார். அந்தப் பக்கம் அவர் தோடம்பழம் உரிப்பது எனக்குக் கேட்ட மாதிரியே இருந்தது.

பொழுதுபட்டதும் கிளாம்ப் மீற்றரை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். நண்டின் கால் மாதிரி வாய் திறக்கிற கருவி அது. வயரைக் கவ்விப் பிடித்தால் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று சொல்லும். பெரிய தெருவிலிருந்து ஒவ்வொரு ஒழுங்கை பிரிகிற கம்பத்திலும் ஞானம் ஏறிக் கவ்வினான், நான் கீழே நின்று ரோச் அடித்தேன். கடற்கரை ஒழுங்கை, சரி. பள்ளிக்கூட ஒழுங்கை, சரி. கோயிலடி, அதுவும் சரி. வடக்கு ஒழுங்கைக் கம்பத்தில் ஏறியவன் மேலே நின்று மீற்றரைத் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

"என்னடா?"

"அண்ணை, இந்த ஒழுங்கையில சனமே இல்லையே?"

"ஓம், எல்லாம் வெளிநாட்டுக்காரற்ற வீடுகள். பூட்டிக் கிடக்கு."

"பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குத்தான் அண்ணை கரண்ட் ஆறாய் ஓடுது!"

உடம்பெல்லாம் புல்லரித்தது எனக்கு. துப்பறிகிற ஆட்களுக்கு வரும் உணர்ச்சி இதுவாகத்தான் இருக்க வேண்டும். நடந்தோம். வளைவு திரும்பியதும் அப்படியே நின்றுவிட்டேன். வரிசையாக வீடுகள். ஒரு மனிதக் குரல் இல்லை, ஒரு நாய் குரைக்கவில்லை. ஆனால் விறாந்தை, ஹோல், அறை, குசினி, கிணற்றடி, கக்கூஸ் என்று மூலைமுடுக்கெல்லாம் மஞ்சள் வெளிச்சம் பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் குண்டு பல்ப். திருவிழாக்கூட இப்படி இருக்காது.

கடைசி வீடு மாடி வைத்த மேல்வீடு. அதன் கதவடியில் ஒரு சைக்கிள் நின்றது. இடுப்பில் பெரிய பூட்டுத் திறப்புக் கோர்வை கிலுங்க வெளியே வந்தது சவிரிமுத்துவின் மனைவி றோசலின்.

"றோசலின், நீர் இஞ்ச என்ன செய்யிறீர்?"

"லைற் போட வந்தனான் அண்ணை. நான்தானே இந்த வீடுகளுக்கெல்லாம் பொறுப்பு. பொழுதுபட்டால் வந்து லைற் போட்டு, படத்துக்கு முன்னால மெழுகுதிரி கொளுத்தி, பிறகு வந்து லைற்றை நூப்பன். வீடு இருண்டு கிடக்கக் கூடாதெண்டு அவையள் சொல்லிப்போட்டுத்தான் போனவை."

இந்த வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. எங்கள் தீவுகளில் பாதி வீடுகள் இப்படித்தான், ஆள் கனடாவில், பாரிசில், வீட்டுத் திறப்பு இங்கே இருக்கிற உறவுக்காரரிடம். ஆனால் முன்பு ஒரு வீட்டுக்கு ஒரு லைற்தான், அதுவும் விறாந்தையில்.

"இவ்வளவு பல்ப்பும் எங்கால வந்தது?"

றோசலின் பெருமையாகச் சிரித்தா. "நீங்கள் கழட்டினதுதான் அண்ணை! நல்லா எரியிற பல்ப்பை ஆரும் எறிவினமோ? எல்லாரும் கொண்டுவந்து என்னட்டத் தந்தவை. இந்த வீடுகளில கனகாலமாக் கன ஹோல்டர் வெறுமனே கிடந்தது. எல்லாத்திலயும் பூட்டிப்போட்டன். அவையள் வீடியோவில பாத்துப்போட்டு என்ன சந்தோசம் தெரியுமே! ஒவ்வொரு நாளும் இப்பிடியே போடச் சொல்லிப்போட்டினம்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. விதியில் எல்லாம் இருந்தது; கழற்றிய பல்ப்பை என்ன செய்வது என்று மட்டும் ஒரு சொல் இல்லை. நல்ல பொருளை எறிய மனம் வராத சனத்திடம் நாங்கள் பெட்டி பெட்டியாக நல்ல பல்ப்பைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். தம்பிமாரே, உங்கள் கேள்விக்கு முதல் பதில் இதுதான். ஆள் இருக்கிற வீட்டை மட்டும் பார்க்காதீர்கள். கழற்றியதைக் கையோடு கொண்டுவாருங்கள்.

"றோசலின், இந்தச் சுமைதான் கோட்டைத் தாண்டுது" என்றேன்.

"இதென்ன கதை அண்ணை? அவையின்ர வீடு, அவையின்ர கரண்ட். எங்களுக்கும் அதுக்கும் என்ன?"

"கிணறு ஒண்டுதானே றோசலின். ஆர் அள்ளினாலும் அந்தத் தண்ணிதான்."

அவ சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றா. முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லக் கரைந்தது. பிறகு வாசற்படியில் குந்திவிட்டா.

"அப்ப அந்த ஐஸ் பெட்டியை மறிச்சுக்கொண்டு நிண்டது நானோ? இவர் படகை விக்கப் போறதுக்கு நானோ காரணம்?"

"நீர் மட்டுமில்லை. பல்ப்பைத் தந்த எல்லாரும்தான்" என்று ஞானம் சொன்னான். அது அவவுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. திறப்புக் கோர்வையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தா.

அன்று வியாழக்கிழமை. அடுத்த நாள் பின்னேரம் மிஸ் வருகிறார்.

றோசலின் அங்கேயே இருந்து ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் தொலைபேசி எடுத்தா. கனடாக்காரர்கள் காலை வேலைக்கு நடுவே பதில் சொன்னார்கள். விசயத்தைக் கேட்டதும் பல்ப்பை மாற்ற எல்லோரும் சரி என்றார்கள். ஒருவர் மட்டும் மாட்டேன் என்றார். அந்த மேல்வீட்டுக்காரர் மரியதாஸ். பாரிசில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை. மத்தியான வேலை முடிந்து பின்னேர வேலை தொடங்கும் இடைவெளியில், கடைப் பின்படியில் குந்தியிருந்து, தினமும் தன் வீட்டை வீடியோவில் பார்ப்பாராம். அவருக்கு மத்தியானம் திரும்புகிற நேரம் எங்களுக்குப் பொழுதுபடும் நேரம். அந்தத் தெருவிலேயே பெரிய வீடு, அதிக லைற்றும் அவருடையதுதான். அதை விட்டுவிட்டால் சுமை கோட்டுக்குக் கீழே வராது.

"றோசலினக்கா, உந்த வெள்ளை லைற்றை உங்கட வீட்டில வீடியோவில கண்டனான். ஆஸ்பத்திரி மாதிரிக் கிடக்கு. அம்மா சாகேக்கை நான் வர ஏலாமல் போட்டுது. வீட்டையாவது அம்மா வைச்சிருந்த மாதிரி வைச்சிருக்க விடுங்கோ" என்றார். குரல் உடைந்தது. அந்த நேரத்தில் என் மூளைக்குள் ஒரு பல்ப் எரிந்தது!

அந்த மனிசன் கேட்டது குண்டு பல்ப்பை அல்ல, மஞ்சள் வெளிச்சத்தை. மஞ்சள் வெளிச்சம் தருகிற எல்ஈடி கடையில் கிடைக்கிறதே! நாங்கள் கொண்டுவந்த பெட்டிகள் எல்லாம் வெள்ளை என்றபடியால் எனக்கு அது நினைவிலேயே வரவில்லை. வெள்ளி காலை முதல் படகில் ஊர்காவற்றுறை, அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம். கடைக்காரர் ஒவ்வொரு பல்ப்பாக எரித்துக் காட்ட, நான் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டி, கடைசியில் ஒன்று எரிந்ததும், "இது, இது!" என்று துள்ளியதில் பக்கத்தில் நின்ற ஆள் விலகி நின்றார். மத்தியானப் படகில் திரும்பினேன். அதே படகில் மிஸ்ஸும் வந்தார். விசயத்தைச் சொன்னேன். அவர் பல்ப் பெட்டியைத் திருப்பி, அதில் போட்டிருந்த நட்சத்திரங்களையும் வோற்ஸையும் பார்த்துவிட்டு, "விதிக்குச் சரி. வீட்டுக்காரற்ற விருப்பம்?" என்றார்.

"இனித்தான் மிஸ் கேக்க வேணும்."

ஞானம் ஒரு யோசனை சொன்னான். சொல்லாமல் மாற்றிவிடுவோம், பாரிசில் இருப்பவருக்கு எங்கே தெரியப் போகிறது? றோசலினின் கண் சிவந்துவிட்டது. "ஒளிச்சுச் செய்யிறதெண்டால் நான் திறப்பே தரமாட்டன். படகு போனாலும் போகட்டும்."

அந்த இடத்தில் நான் அவவைக் கும்பிடாத குறை. அப்போதுதான் ஒரு விசர் யோசனை எனக்கு வந்தது. வீட்டில் பாதி அறைகளுக்குப் புது மஞ்சள் எல்ஈடி, பாதிக்குப் பழைய பல்ப். எது எதுவென்று மரியதாஸே சொல்லட்டும். ஞானம் தலையில் கை வைத்தான். மிஸ் சைக்கிளில் சாய்ந்துகொண்டு பார்த்தார்.

பொழுதுபட்டது. றோசலின் தொலைபேசியைப் பிடிக்க, அதில் ஏப்ரனோடு மரியதாஸ். நான் எட்டிப் பார்த்தேன்.

"தம்பி, நான் மின்சாரக் கந்தோர் ஆள். உம்மட வீட்டில இப்ப பழசும் எரியுது, புதுசும் எரியுது. எந்த அறையில எது எண்டு நீர் சரியாச் சொல்லும். சொன்னீரெண்டால் நாங்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போறம், உம்மைத் தொட மாட்டம்."

அவர் முதலில் யோசித்தார், பிறகு சிரித்தார். "நான் பிறந்த வீடண்ணை. எனக்கே சோதினையோ? காட்டுங்கோ."

ஹோலைக் காட்டினோம். "இது புதுசு. தெரியுது." ஹோலில் எரிந்தது பழசு. குசினியைக் காட்டினோம். "பழசு." அது சரி. ஞானம் என் கையைக் கிள்ளினான். மேல் விறாந்தை. "பழசுதான்." புதுசு! நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கடைசியாக அவருடைய தாய் படுத்திருந்த அறை. தொலைபேசியை உள்ளே கொண்டுபோனதும் அவர் உடனே சொன்னார்.

"இதை நீங்கள் தொடேல்லை. எனக்குத் தெரியும். இது அம்மாவின்ர பல்ப்."

றோசலின் தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு ஒரு கதிரையை இழுத்துப்போட்டு ஏறினா. எரிகிற பல்ப்பை உள்ளங்கையால் மெல்லப் பொத்திப் பிடித்தா. பிடித்தபடியே நின்றா.

"சுடேல்லை தாஸ். பாரும். பழசெண்டால் இப்ப என்ர கை வெந்திருக்கும்."

மரியதாஸுக்குப் பின்னால் பாத்திரங்கள் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"அம்மா சேலைத் தலைப்பாலதான் அக்கா பல்ப்பைப் பிடிச்சுக் கழட்டுவா. மாத்துங்கோ. எல்லாத்தையும் மாத்துங்கோ. லைற் போடுறதை மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ."

ஏணியைத் தூக்கிக்கொண்டு நானும் ஞானமும் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்! வடக்கு ஒழுங்கை முழுக்க ஒவ்வொரு வீடாகக் கழற்றினோம், பூட்டினோம். விசயம் பரவி, சனம் தங்கள் சைக்கிள் லைற்றைப் பிடித்துக்கொண்டு வந்து உதவியது. சில வீடுகளுக்கு எல்ஈடி போதவில்லை. றோசலின் விறாந்தைக்கு ஒன்று விட்டுவிட்டு மிச்சத்தை நூத்தா. கழற்றிய பல்ப் எல்லாம் ஒரு சாக்குக்குள் போனது. அந்தச் சாக்கை றோசலின் தன் கையால் கட்டி என்னிடம் தந்தா. மின்நிலையத்துக்குப் போனபோது மிஸ் திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். சுமை கோட்டுக்குக் கீழே, வடிவாக, ஒரு விரற்கடை இடைவெளி விட்டு நின்றது. மிஸ் கனநேரம் பார்த்தார். சனம் சாப்பிட்டு முடிக்கிற நேரம் வந்து, அதுவும் கடந்தது. சுமை கோட்டைத் தொடவில்லை.

"அனுப்பிறன்" என்றார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை மேலிடத்திலிருந்து சரி வந்தது; இன்ஜின் இல்லாமலே பற்றரியும் தகடுகளும் பொறுப்பெடுத்தன. சங்க மண்டபத்தில் பெட்டியின் காட்போட்டைக் கிழிக்க அவ்வளவு பேர் முண்டியடித்தார்கள். சவிரிமுத்து ஒரு பக்கம் பிடித்து இழுத்ததில் பின்பக்கமாக விழுந்தார். பெட்டி ஓடத் தொடங்கியது. தண்ணீர்த் தட்டுகளை உள்ளே வைத்துவிட்டு, ஐந்து நிமிசத்துக்கொரு தரம் திறந்து பார்த்துக்கொண்டே நின்றார். "திறந்து திறந்து பாத்தால் எப்பிடியப்பா உறையும்? பேந்து வந்து பாருங்கோ!" என்று றோசலின் கத்தினா.

உச்சி வெயிலில் நான் வெளியே வந்தேன். தீவு முழுக்க எல்லா வீட்டிலும் லைற் எரிந்துகொண்டிருந்தது! முற்றத்தில் வெயில் கொளுத்துகிறது, உள்ளே எல்ஈடி எரிகிறது. ஒவ்வொரு வீட்டிலும் சனம் வாசலில் நின்று தன் வீட்டு லைற்றைத் தானே வேடிக்கை பார்த்தது. பகலில் சுவிட்சைப் போட்டால் எரிகிறது என்பதை அவர்கள் கண்ணால் காண வேண்டியிருந்தது. லைற்றை நூக்கச் சொல்லி ஒரு வாரமாகக் கத்தியவன் நான். என்ன செய்வது என்று மிஸ்ஸைப் பார்த்தேன். "வெயில் நல்லா அடிக்குது. இண்டைக்கு விடுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டு அவரும் ஒரு வீட்டு வாசலில் நின்று பார்த்தார்.

அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது சவிரிமுத்து மண்டபத்திலிருந்து வந்தார். இரண்டு கையாலும் ஒரு ஐஸ் கட்டியைப் பிடித்திருந்தார். பெரிய கட்டி, உள்ளே வெள்ளைக் கோடுகள். விரல் எல்லாம் சிவந்துவிட்டது, ஆனால் கீழே வைக்கவில்லை. பிள்ளைகள் ஓடிவந்து தொட்டுவிட்டுக் கையை உதறினார்கள். றோசலின் சேலைத் தலைப்பை விரித்துக் கட்டியை வாங்கப் போனா, அவர் கொடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது. றோசலின் எடுத்து அவர் காதில் வைத்தா. படகு பார்க்க வருகிற ஆள். ஊர்காவற்றுறைத் துறையில் நிற்கிறாராம், படகு ஏறட்டோ என்று கேட்கிறார். சவிரிமுத்து ஐஸ் கட்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். முழங்கையால் தண்ணீர் வடிந்து காலில் விழுந்துகொண்டிருந்தது.

"ஏற வேண்டாம் தம்பி, நீர் வீட்ட போம்" என்றார். "படகு நாளைக்குத் தொழிலுக்குப் போகுது."